ஹெட்டைச் சீவினால் கேம் டைமிங் எவ்வளவு மாறும்?

கேள்வி இதுதான்: சூடேறிப்போன ஒரு மாருதி 800-இன் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி 0.3 மி.மீ. ஃபேஸிங் போட்டிருக்கிறார்கள், அதாவது அடிமுகத்தைச் சீவித் தட்டையாக்கியிருக்கிறார்கள். திரும்பப் பூட்டிய பிறகு வண்டி முன்போல் இழுக்கவில்லை. "ஹெட் இறங்கிடுச்சு, அதனால கேம் டைமிங் பின்னாடி போயிடுச்சு. பெல்ட்டை ஒரு பல்லு தள்ளிப் போட்டா சரியாகிடும்" என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?

முதல் பாதி சரி. ஹெட்டைச் சீவினால் கேம் டைமிங், அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்டோடு ஒத்துச் சுற்றும் கணக்கு, பின்வாங்கத்தான் செய்யும். இரண்டாம் பாதி தவறு, அதுவும் எஞ்சினைக் கெடுக்கக்கூடிய தவறு. 0.3 மி.மீ. சீவியதால் வரும் மாற்றம் கிராங்க் கணக்கில் முக்கால் டிகிரிக்கும் குறைவு. பெல்ட்டை ஒரு பல் தள்ளினால் மாறுவது 18 டிகிரியை ஒட்டி. முக்கால் டிகிரிப் பிழையைத் திருத்தப் போய் பதினேழு டிகிரிப் பிழையைப் புதிதாக உண்டாக்குவதுதான் இதில் நடக்கும்.

ஏன் பின்வாங்குகிறது, ஏன் முன்னேறுவதில்லை என்று முதலில் பார்த்துவிடலாம். எஞ்சினின் பெல்ட் பக்கமாக நின்று பாருங்கள். கீழே கிராங்க் பல்சக்கரம், மேலே கேம் பல்சக்கரம், எஞ்சின் கடிகாரச் சுற்றில் சுற்றுகிறது. கிராங்க்தான் இழுக்கிறது. கடிகாரச் சுற்றில் வலது ஓரம் கீழ்நோக்கி நகர்வதால், கேமிலிருந்து கிராங்குக்கு இறங்கும் வலப்பக்க பெல்ட் எப்போதும் விறைப்பாக இருக்கும். இடப்பக்கம் தளர்வான பக்கம். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் உட்காருவதும் அங்கேதான்.

இப்போது கிராங்கை டி.டி.சி.யில் (பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையில்) நிறுத்தி அசையாமல் பிடித்துக்கொண்டதாக நினையுங்கள். ஹெட் 0.3 மி.மீ. இறங்கினால் கேமுக்கும் கிராங்குக்கும் இடையேயான தூரம் 0.3 மி.மீ. குறையும். ஆனால் வலப்பக்கத்தில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஆகவே வலப்பக்க பெல்ட்டில் 0.3 மி.மீ. உபரி வந்துவிட்டது. அந்த உபரி அங்கேயே தொங்காது. இடப்பக்கத்து டென்ஷனர் பெல்ட்டைத் தன் பக்கம் இழுக்கும், உபரி கேம் பல்சக்கரத்தின் தலைக்கு மேலாக இடப்பக்கம் போய்ச்சேரும். அது போகும்போது கேமையும் தன்னோடு திருப்பிக்கொண்டு போகும். எந்தத் திசையில்? கடிகாரச் சுற்றுக்கு எதிராக. எஞ்சின் சுற்றும் திசைக்கு எதிராகக் கேம் திரும்பினால் அதற்குப் பெயர்தான் ரிடார்ட். வால்வுகள் எல்லாம் அந்த அளவுக்குத் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும்.

இதே காரணத்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே தடிமன் கூடிய கேஸ்கட் போட்டால் எதிர்விளைவு: தூரம் கூடும், கேம் முன்னேறும். பிளாக்கின் மேல்முகத்தைச் சீவினாலும் ஹெட்டைச் சீவிய அதே விளைவுதான். கேமின் பார்வையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அளவுக்கு வருவோம். கணக்கு மிக எளிது. கிராங்க் பல்சக்கரத்தின் பல்லெண்ணிக்கையை பெல்ட்டின் பிட்ச்சால், அதாவது ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரத்தால், பெருக்கினால் அதன் சுற்றளவு வரும். சீவிய அளவை 360-ஆல் பெருக்கி அந்தச் சுற்றளவால் வகுத்தால் கிராங்க் டிகிரியில் விடை. 8 மி.மீ. பிட்ச், கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் என்று வையுங்கள். சுற்றளவு 160 மி.மீ. ஒரு முழு மில்லிமீட்டர் சீவினால் 2.25 டிகிரி. 0.3 மி.மீ. என்றால் 0.68 டிகிரி. 9.525 மி.மீ. பிட்ச், 19 பல் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 181 மி.மீ., 0.3-க்கு 0.6 டிகிரி. உங்கள் எஞ்சினில் எத்தனை பல் என்பதை யாரையும் கேட்க வேண்டாம். கவரைக் கழற்றி எண்ணிக்கொள்ளுங்கள், பிட்ச்சை வெர்னியரால் பத்துப் பல் தூரம் அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேம் டிகிரி, கிராங்க் டிகிரி என்ற குழப்பம் இங்கேதான் நுழையும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. ஆகவே கேமில் அரை டிகிரி என்பது கிராங்கில் ஒரு டிகிரி. வால்வு டைமிங் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் கிராங்க் டிகிரி. அட்ஜஸ்டபிள் பல்சக்கரத்தில் வெட்டியிருக்கும் கோடுகள் மட்டும் சிலவற்றில் கேம் டிகிரியாக இருக்கும், சிலவற்றில் கிராங்க் டிகிரியாக இருக்கும். கையில் எடுத்ததும் எது என்று பார்த்துவிட வேண்டும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான ஒரு அளவுகோல் இருக்கிறது. ஹெட்டில் எத்தனை மி.மீ. சீவினார்களோ, கேம் பல்சக்கரத்தின் விளிம்பில் டைமிங் குறி அதே மி.மீ. தான் பின்வாங்கும். 0.3 சீவினால் விளிம்பில் 0.3. ஒரு பல்லின் அகலம் அதே விளிம்பில் 8 மி.மீ. நகம் தடிமன்கூட இல்லாத நகர்வு அது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே ஹெட் வேலைக்குப் பிறகு குறியும் குறியும் 3, 4 மி.மீ. தள்ளி நின்றால், அது ஃபேஸிங்கால் வந்ததல்ல. யாரும் ஹெட்டில் 4 மி.மீ. சீவுவதில்லை. குறி அந்த அளவு தள்ளியிருந்தால் காரணம் வேறு: பெல்ட் ஒரு பல் மாறியிருக்கிறது, அல்லது எதிர்க்குறியாக எடுத்துக்கொண்டது தவறான குறி, அல்லது பல்சக்கரத்தைத் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் கீயோ டவல் பின்னோ நசுங்கியிருக்கிறது.

செயின் எஞ்சினில் இதோடு இன்னொன்று சேரும். தேய்ந்த செயின் நீளும். நீண்டால் விறைப்பான பக்கத்தில் உபரி வரும், உபரி வந்தால் கேம் பின்வாங்கும். திசை ஒன்றே, அளவு மட்டும் பல மடங்கு. விறைப்பான பக்கம் 400 மி.மீ. நீளம் என்று வைத்து, செயின் அரை சதவீதம் நீண்டிருந்தால் 2 மி.மீ. உபரி. 9.525 பிட்ச், 18 பல் கிராங்க் சக்கரத்தில் அது 4 டிகிரிக்கு மேல். பழைய செயினையே திரும்பப் போட்டுவிட்டு 0.2 மி.மீ. ஃபேஸிங்கைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளே இல்லை. ஹெட்டைக் கழற்றிய செலவோடு செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. சீவியதால் டென்ஷனர் வேறு கொஞ்சம் கூடுதலாக வெளியே வர வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே முக்கால்வாசி வெளியே வந்து நிற்கும் பழைய டென்ஷனருக்கு அந்தக் கொஞ்சமும் மிஞ்சியிருக்காது.

சரி, முக்கால் டிகிரி போதாது என்றால் வண்டி ஏன் இழுக்கவில்லை? எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பெல்ட் பூட்டிய விதம். கேம் குறியையும் கிராங்க் குறியையும் நேர்ப்படுத்தி, பெல்ட்டை மாட்டும்போது வலப்பக்கம், அதாவது விறைப்பாக இருக்க வேண்டிய பக்கம், கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் குறிகள் நேராகவே தெரியும். டென்ஷனரை விட்டதும் தளர்வு இடப்பக்கம் போகும், கேம் அரைப் பல்லோ ஒரு பல்லோ பின்னால் போய் நிற்கும். அதனால்தான் முதலில் கிராங்கில் மாட்டி, வலப்பக்கத்தை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடியே கேமில் ஏற்றி, கடைசியாக டென்ஷனர் பக்கம் போக வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, மறுபடி குறியைப் பார்க்க வேண்டும். சுற்றும்போது எங்காவது இடித்து நின்றால் பலம் கொடுக்கக் கூடாது. இரண்டு சுற்றுக்கு முன் தெரிந்த குறி செல்லாது, பின்னால் தெரிவதுதான் கணக்கு. குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாமல் இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே சுற்றுங்கள்.

இரண்டாவது இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள மாருதி 800-இல் அது கேம் ஷாஃப்டிலிருந்தே ஓடுகிறது. கேம் பின்வாங்கிய அளவுக்கு ஸ்பார்க்கும் பின்வாங்கும். அது சின்ன அளவுதான். பெரிய பிழை, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றித் திரும்பப் போட்டவர் டைமிங் லைட் பிடிக்காமல் காதால் கேட்டே நிறுத்திவிடுவது. ஐடிலில் சீராக ஓடுகிற இடமும் சரியான இடமும் ஒன்றல்ல. இழுவை இல்லாமல் போவதற்கு ஹெட் வேலைக்குப் பிறகு நான் முதலில் சந்தேகப்படும் இரண்டில் இது ஒன்று, மற்றது ஒரு பல் தவறு.

மூன்றாவது டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி. ஹெட்டின் அடிமுகத்தைச் சீவுவதால் வால்வு இடைவெளி மாறாது. கேம், ராக்கர், வால்வு எல்லாமே ஹெட்டோடு சேர்ந்துதான் இறங்குகின்றன. ஆனால் ஃபேஸிங்கோடு சேர்த்து வால்வு கிரைண்டிங்கும் சீட் கட்டிங்கும் செய்திருந்தால், வால்வு சீட்டுக்குள் ஆழமாக உட்காரும், தண்டின் முனை மேலே உயரும், இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். சூடானால் இன்னும் மோசம். கம்ப்ரஷன் இறங்கிவிடும். ராக்கரில் திருகு உள்ள எஞ்சினில் குளிர்ந்த நிலையில் ஃபில்லர் கேஜ் வைத்துத் திருத்திவிடலாம். பக்கெட்டும் ஷிம்மும் (இடைவெளியை நிர்ணயிக்கும் சிறு தகடு) உள்ள எஞ்சினில் மெல்லிய ஷிம் தேட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் தண்டு முனையை அளவோடு தேய்க்க வேண்டும்.

நான்காவது பலரும் பார்க்காத ஒன்று, ஆனால் சூடேறிய அலுமினிய ஹெட்டில் மிக முக்கியமானது. ஹெட் வளைந்தால் அடிமுகம் மட்டும் வளைவதில்லை, முழு ஹெட்டும் வில்போல் வளைகிறது. கேம் ஷாஃப்ட் ஓடும் துளைகளும் அதே வில்லில் வளைந்திருக்கும். அடிமுகத்தைச் சீவிச் சமப்படுத்திவிட்டால் கீழே தட்டையாகிவிடும், மேலே துளைகள் வளைந்தபடியே இருக்கும். அந்த வளைவுக்குள் நேரான கேம் ஷாஃப்டைத் திணித்தால் அது இறுகிச் சுற்றும், நடுத் தாங்கி தேயும், சில சமயம் ஷாஃப்டே உடையும். சோதிப்பது எளிது: ராக்கர், வால்வு எதுவும் இல்லாத வெறும் ஹெட்டில் எண்ணெய் தடவிய கேம் ஷாஃப்டைப் போட்டு விரலால் சுழற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுழல வேண்டும். ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் விட்டால், அந்த ஹெட்டுக்குத் தேவை சீவல் அல்ல. முதலில் சூடேற்றி நிமிர்த்த வேண்டும், அல்லது துளைகளை வரிசையாகத் திரும்பக் கடைய வேண்டும், பிறகுதான் ஃபேஸிங். கேம் டைமிங்கைப் பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு இந்தச் சோதனையே பதில் சொல்லிவிடும்.

கம்ப்ரஷன் எவ்வளவு கூடும் என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. மாருதி 800-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 72 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 265 சி.சி. சுருக்க விகிதம் 8.7 என்று வைத்துக்கொண்டால் எரியறைக்கு 34.5 சி.சி. வருகிறது. எரியறையின் வாய் முழு போர் அகலம் என்று அதிகபட்சமாக எடுத்தாலும் 0.3 மி.மீ. சீவல் 1.1 சி.சி. யைத்தான் எடுக்கும், விகிதம் 8.95-ஐ ஒட்டி நிற்கும். உண்மையில் வாய் போரைவிடச் சிறியது என்பதால் அதற்கும் குறைவு. கேம் பின்வாங்கியதால் இன்லெட் வால்வு கொஞ்சம் தாமதமாக மூடுகிறது. அது குறைந்த வேகத்தில் சிக்கும் காற்றைத் துளி குறைக்கும். ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க, ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. 1 மி.மீ. அளவுக்குச் சீவி விகிதத்தை வேண்டுமென்றே ஏற்றுபவர்களுக்குத்தான் இரண்டும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்: கீழ்வேகத்தில் இழுவை எதிர்பார்த்த அளவு ஏறாது, மேல்வேகத்தில் மட்டும் எஞ்சின் விரிந்து ஓடும். அவர்கள் டைமிங்கைத் திருத்தாமல் விட்டால் செய்த வேலையின் ஒரு பகுதி வீண்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியில் எக்ஸாஸ்ட் வால்வுக்குத்தான் இரட்டை அடி. சீவிய அளவுக்கு இரண்டு வால்வும் பிஸ்டனை நெருங்கிவிட்டன. அதற்கு மேல் கேம் பின்வாங்கினால் எக்ஸாஸ்ட் வால்வு தாமதமாக மூடும். டி.டி.சி.க்குச் சற்று முன் மேலே ஏறிவரும் பிஸ்டன் மூடிக்கொண்டிருக்கும் வால்வைத் துரத்துகிறது, அந்த இடத்தில் இடைவெளி இன்னும் குறையும். இன்லெட் வால்வுக்கு எதிர்மாறு: அது தாமதமாகத் திறப்பதால் சீவலில் இழந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ரேஸுக்குக் கட்டுபவர்கள் இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. குறையாமல் வைப்பார்கள். கேமை முன்னே தள்ளித் திருத்தும்போது இதே கணக்கு தலைகீழாகும், இன்லெட் நெருங்கும். அதனால் திருத்திய பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து ஹெட்டைப் பழைய கேஸ்கட்டோடு பூட்டி இரண்டு சுற்றுச் சுற்றி, கழற்றி, பதிந்த இடத்தைப் பிளேடால் வெட்டி அளக்கும் பழைய முறை இன்றும் நம்பகமானது. வெட்டிய களிமண்ணின் மெல்லிய இடம்தான் இடைவெளி.

எப்போது உண்மையிலேயே டைமிங்கை அளந்து திருத்த வேண்டும்? சாதாரண ரிப்பேரில், மொத்தச் சீவல் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், தேவையில்லை. "மொத்தம்" என்பதைக் கவனியுங்கள். பழைய வண்டியில் இதற்கு முன்பே இரண்டு முறை சீவியிருப்பார்கள், இன்று போட்ட 0.2 மட்டும் கணக்கல்ல. ஹெட்டின் மொத்த உயரத்தை அளந்து புதிய ஹெட்டின் உயரத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

சிறிய பல்சக்கரம் உள்ள எஞ்சினில் எல்லை இன்னும் கீழே வரும். 100 சி.சி. பைக்குகளின் கேம் செயின் 6.35 மி.மீ. பிட்ச். கிராங்கில் 14 பல் என்றால் சுற்றளவு 89 மி.மீ. தான். ஒரு மில்லிமீட்டருக்கு 4 டிகிரி, காரைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. பைக்கில் ஹெட், சிலிண்டரின் மேல்முகம், அடி கேஸ்கட் மூன்றிலும் கை வைப்பார்கள், மூன்றும் கூடும். அடி கேஸ்கட்டுக்குப் பதில் வெறும் சிலிகான் பேஸ்ட் மட்டும் தடவிப் பூட்டினால் ஒரே வேலையில் அரை மில்லிமீட்டர் போய்விடும்.

இரட்டைக் கேம் எஞ்சினில் விறைப்பான பக்கம் முதல் கேமுக்குப் போய், அங்கிருந்து இரண்டாம் கேமுக்குப் போகிறது. இரண்டு கேமும் ஒரே ஹெட்டில் இருப்பதால் அவற்றுக்கு இடையேயான தூரம் மாறாது, இரண்டும் ஒரே அளவு பின்வாங்கும். வி எஞ்சினில் ஒரே பெல்ட் இரண்டு ஹெட்டையும் சுற்றி வந்தால் நிலைமை வேறு. பெல்ட் கிராங்கிலிருந்து முதல் ஹெட்டுக்கு ஏறி, நடுவே பிளாக்கில் உள்ள வாட்டர் பம்புக்கு இறங்கி, இரண்டாம் ஹெட்டுக்கு ஏறுகிறது என்றால், இரண்டாம் ஹெட்டின் கேமில் மூன்று நீளங்களின் உபரியும் சேரும், முதல் கேமைப் போல மூன்று மடங்கை ஒட்டிப் பின்வாங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சீவினாலும் இரண்டு பக்கமும் ஒரே டைமிங்கில் இருக்காது. இங்கே அளக்காமல் பூட்டக் கூடாது.

வி.வி.டி. (ஓடும்போதே வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பு) உள்ள புதிய எஞ்சின்களில் கம்ப்யூட்டர் கேம் சென்சாரையும் கிராங்க் சென்சாரையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அரை டிகிரி, ஒரு டிகிரி அதன் சரிக்கட்டலுக்குள் அடங்கிவிடும். ஹெட் வேலைக்குப் பிறகு பி0016 போன்ற பிழைக் குறியீடு (கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை என்பது) வந்தால் ஃபேஸிங்கைக் குறை சொல்லாதீர்கள். பல் மாறியிருக்கும், செயின் நீண்டிருக்கும், அல்லது வி.வி.டி. சக்கரம் பூட்டப்படாத நிலையில் டைமிங் வைத்திருப்பார்கள்.

அளக்கும் முறைக்கு வேண்டியவை ஒரு டிகிரி வீல், காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ், ஸ்பார்க் பிளக் துளையில் திருகும் ஒரு பிஸ்டன் ஸ்டாப்பர், முள்ளாக ஒரு துண்டுக் கம்பி. ஸ்டாப்பரைத் திருகும் முன் பிஸ்டன் சற்றுக் கீழே இருக்க வேண்டும். டிகிரி வீலைக் கிராங்கில் பூட்டி, குத்துமதிப்பாக டி.டி.சி.யில் பூஜ்யத்தை வையுங்கள். மெதுவாக முன்னோக்கிச் சுற்றி பிஸ்டன் ஸ்டாப்பரில் முட்டும் இடத்தைக் குறியுங்கள், 28 டிகிரி என்று வைப்போம். பின்னோக்கிச் சுற்றி மறுபுறம் முட்டும் இடம் 32. இரண்டும் சமமாக இல்லை, சராசரி 30. ஆகவே முள்ளை 2 டிகிரி நகர்த்தினால் இரண்டு பக்கமும் 30 காட்டும், பூஜ்யம் உண்மையான டி.டி.சி.யாகிவிடும். டயல் கேஜை வைத்துப் பிஸ்டனின் உச்சத்தை நேரடியாகப் பிடிக்க முயலக் கூடாது. உச்சத்தில் பிஸ்டன் சில டிகிரிகளுக்கு அசைவதே தெரியாது.

ஸ்டாப்பரைக் கழற்றிவிட்டு டயல் கேஜின் முனையை இன்லெட் வால்வின் ரிடெய்னரில் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தொப்பியில்), வால்வு தண்டுக்கு இணையாக, நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் எண் பொய்யாகும். எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள எஞ்சினில் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் திடமான லிஃப்டர் போட்டுக்கொள்ள வேண்டும். வால்வு முழுதாகத் திறந்த இடத்தில் கேஜைப் பூஜ்யமாக்குங்கள். இனி கிராங்கை முன்னோக்கி மட்டுமே சுற்றி, உச்சத்துக்கு முன் 1.25 மி.மீ. குறைவாக இருக்கும் இடத்தையும், உச்சம் தாண்டி அதே 1.25 மி.மீ. இறங்கிய இடத்தையும் குறியுங்கள். 71, 151 என்று வந்தால் நடு 111 டிகிரி. புத்தகத்தில் 110 இருந்தால் கேம் ஒரு டிகிரி பின்வாங்கியிருக்கிறது. மூன்று முறை எடுத்து, மூன்றும் ஒரே எண் வந்தால்தான் நம்ப வேண்டும்.

திருத்துவதற்குச் சிறந்தது அட்ஜஸ்டபிள் கேம் பல்சக்கரம். ஒரு டிகிரி கிராங்கில் வேண்டுமென்றால் சக்கரத்தில் அரை டிகிரி, சுற்றும் திசையில். அது கிடைக்காத எஞ்சினுக்கு ஆஃப்செட் கீ, ஆஃப்செட் டவல். டவல் துளையை நீள்வட்டமாக அரத்தால் தேய்த்து, இடம் பார்த்து, வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. கேம் சக்கரம் ஒருமுறை நழுவினால் வால்வும் பிஸ்டனும் சந்திக்கும் எஞ்சினில் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். தடிமன் கூடிய ரிப்பேர் கேஸ்கட் கிடைத்தால் கம்ப்ரஷனும் டைமிங்கும் ஒரே அடியில் பழைய இடத்துக்கு வந்துவிடும். சாதாரண ரிப்பேருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சில எஞ்சின்களில் இந்தப் பிரச்சினையே எழாதபடி அமைத்திருக்கிறார்கள். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல் எஞ்சினில் கேம் சக்கரத்துக்குக் கீ கிடையாது. டைமிங் பின் செருகிக் கிராங்கை நிறுத்தி, கேம்களின் வெட்டில் தட்டைக் கம்பியைச் செருகிப் பூட்டி, சக்கரத்தின் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை மாட்டி இறுக்கிய பிறகுதான் அந்த போல்ட்டை முறுக்குவது. ஹெட் எவ்வளவு இறங்கியிருந்தாலும் டைமிங் சரியாகவே அமையும். ஃபோக்ஸ்வாகனின் பழைய 1.9 டி.டி.ஐ. டீசலிலும் கேம் சக்கரத்தின் கூம்புப் பிடியைத் தட்டித் தளர்த்திவிட்டுத்தான் பெல்ட் போடுவது. இந்த எஞ்சின்களில் சக்கரத்தைத் தளர்த்தாமல் பழைய பெயின்ட் குறியைப் பார்த்துப் பூட்டுவது, கொடுத்த வசதியைத் தூக்கியெறிவது.

டீசலில் ஹெட் சீவுவது தனி விஷயம். சொன்ன 1.9 டி.டி.ஐ. ஹெட்டைச் சீவவே கூடாது என்பது கம்பெனி விதி. அதில் கேஸ்கட்டின் தடிமனை முடிவு செய்வது பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு தலை நீட்டுகிறது என்பது: 0.91 முதல் 1.00 மி.மீ. வரை ஒரு வெட்டுக் குறி, 1.01 முதல் 1.10 வரை இரண்டு, 1.11 முதல் 1.20 வரை மூன்று. சீவலைச் சரிக்கட்ட இஷ்டத்துக்கு மூன்று குறி கேஸ்கட்டைப் போடுவதற்காக அவை செய்யப்படவில்லை. தட்டையான அடிமுகம் உள்ள டீசல் ஹெட்டைச் சீவினால் வால்வுத் தலைகள் பிஸ்டன் பக்கம் நெருங்கும். சீவிய அளவுக்குச் சீட்டையும் ஆழப்படுத்தி, வால்வு உள்ளே அமிழ்ந்திருக்கும் அளவைப் பழையபடி கொண்டுவர வேண்டும்.

புஷ் ராடு (கீழே உள்ள கேமிலிருந்து வால்வைத் தள்ளும் நீண்ட கம்பி) எஞ்சின்காரர்கள் இவ்வளவும் படித்துக் கவலைப்பட வேண்டாம். பழைய 1489 சி.சி. அம்பாசடரிலும் புல்லட்டிலும் கேம் கீழே இருக்கிறது, ஹெட்டைச் சீவினால் கேம் டைமிங் இம்மியும் நகராது. மாறுவது புஷ் ராடின் நீளக் கணக்கு. ஹெட் இறங்கியதால் புஷ் ராடு நீளமாகிவிட்டதுபோல் ஆகும், டேப்பெட் இறுகும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் புஷ் ராடிலேயே அட்ஜஸ்டர் உண்டு, அம்பாசடரில் ராக்கர் திருகு உண்டு, திருத்திவிடலாம். திருத்த வழியில்லாத ஹைட்ராலிக் லிஃப்டர் எஞ்சினில்தான் புஷ் ராடை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

கடைசியாக, ஹெட்டை லேத்துக்குக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது. முதலில் நேர்விளிம்பை நீளவாக்கில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து ஃபில்லர் கேஜ் நுழைகிறதா என்று நீங்களே பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையாவிட்டால் சீவவே வேண்டாம், சுத்தம் செய்து பூட்டலாம். நுழைந்தால், "சமமாகும் வரை மட்டும் எடுங்கள்" என்று சொல்லுங்கள். 'ஒரு கட்டிங் போட்டுடுங்க' என்று சொன்னால் தேவையில்லாமல் 0.3 போகும். மேஜையில் ஹெட்டை நிறுத்தும்போது கேம் துளைகளின் அச்சுக்கு இணையாக நிறுத்த வேண்டும். வளைந்த அடிமுகத்தையோ மேல் கவரின் முகத்தையோ நம்பி நிறுத்தினால் ஹெட் ஆப்பு வடிவத்தில் வெட்டுப்படும், பெல்ட் ஓரமாக ஓடிப் பக்கச்சுவரைத் தேய்க்கும். வந்ததும் நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து பாருங்கள், மூலைக்கு மூலை 0.05 மி.மீ. க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் போடுவதாக இருந்தால் முகம் கண்ணாடிக்கு நெருக்கமாக வழவழப்பாக இருக்க வேண்டும், விரல் நகத்தை இழுத்தால் வெட்டுக் கோடு தட்டுப்படக் கூடாது. பழைய கூட்டுக் கேஸ்கட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

பூட்டும் முன் ஹெட்டின் கடைசி உயரத்தை மைக்ரோமீட்டரால் எடுத்து, கேஸ்கட்டுக்கு வெளியே தெரியும் பக்கத்தில் எண் பஞ்சால் குத்திவிடுங்கள். அடுத்த முறை இந்த ஹெட்டைக் கழற்றுபவர் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருக்காது.